ஜெர்மனிக்கு படிக்க போற நம்மூரு பசங்க அங்க பைக் வாங்கி ரிஜிஸ்டர் பண்றது எப்புடி

மொதல்ல ஒண்ணு சொல்லிடறனுங்க. பைக் போட்டோ பாக்கறத சித்த நிறுத்தீட்டு பர்ஸ்ல இருக்கற லைசென்ஸ வெளிய எடுங்க. அதுல எம்சிடபிள்யூஜி (கியர் பைக்குக்கு உண்டானது) போட்டிருக்குதா, இல்ல வெறும் எல்எம்வி (காருக்கு உண்டானது) மட்டுந்தானான்னு பாருங்க. கோயமுத்தூர், பெருந்துறை, ஈரோடு பக்கம் மெக்கானிக்கல் ஆட்டோமொபைல் முடிச்சுட்டு ஆஹன், ஸ்டுட்கார்ட், கெம்னிட்ஸ்னு கெளம்பற பசங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்வி, "அண்ணா அங்க செகண்ட்ஸ்ல டியூக் என்ன வெலைங்ணா?" வெல பெரிய விஷயமே இல்லீங்க தம்பி. அங்க பைக் வாங்கறது ஈஸி, நம்ம பேர்ல ரிஜிஸ்டர் பண்றதும் பேப்பரெல்லாம் கையில இருந்தா ஒரு காலைல முடியற வேலை, ஆனா அத ரோட்ல ஓட்டறதுக்கு உண்டான லைசென்ஸ் இருக்குது பாருங்க அதுதான் மாசக்கணக்குல இழுக்கும் காசையும் கரைக்கும். நம்மூர்ல வண்டி மொதல்ல வரும், ஈச்சனாரில பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியாச்சுன்னா லைசென்ஸ் பின்னால மெதுவா வந்து சேரும். அங்க அப்புடியே தலைகீழ்.

இன்னொண்ணு, லைசென்ஸே இல்லாம கூட அங்க ஒருத்தர் வண்டிய தன் பேர்ல ரிஜிஸ்டர் பண்ணலாம், சட்டப்படி தடையே இல்ல. கவுண்டர்ல யாரும் "ஓட்ட தெரியுமா"ன்னு கேக்க மாட்டாங்க. அதனாலயே நம்ம பசங்க வண்டிய வாங்கி பேர மாத்தீட்டு எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனைச்சுக்கறாங்க.

சரி, லைசென்ஸ் கணக்கு. நம்ம இந்தியா லைசென்ஸ் ஜெர்மனில குடியேறின நாள்ல இருந்து 6 மாசம் செல்லும். 12 மாசத்துக்கு மேல தங்க மாட்டேன்னு ஆதாரம் காட்டறவங்களுக்கு மட்டும் இன்னொரு 6 மாசம் வரைக்கும் நீட்டிப்பு கேக்கலாம், ரெண்டு வருஷம் எம்எஸ் படிக்க போற ஆளுக்கு அது ஆகாது. அந்த 6 மாசத்துலயும் வெறும் கார்ட காட்டுனா பத்தாது, ஜெர்மன் மொழில டிரான்ஸ்லேஷன் கூட வேணும், அங்க ஏடிஏசின்னு ஒரு பெரிய மோட்டார் கிளப் இருக்குது அவங்க பண்ணி குடுப்பாங்க, இல்லீன்னா சத்தியப்பிரமாணம் எடுத்த டிரான்ஸ்லேட்டர் யார்ட்ட வேணா பண்ணிக்கலாம். நம்மூர் ஆர்டிஓ ஆபீஸ்ல ஆயிர ரூபா கட்டி இண்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டு போறவங்க உண்டு, எடுத்துட்டு போங்க தப்பில்ல, ஆனா அதுல ஒரு வருஷம்னு போட்டிருக்கறத பாத்துட்டு ஜெர்மனில ஒரு வருஷம் ஓட்டலாம்னு கணக்கு போட்டுறாதீங்க, 6 மாசம்னா 6 மாசந்தான்.

6 மாசம் தாண்டி ஓட்டுனா என்னாகும்? நம்மூர் மாதிரி ஸ்பாட் ஃபைன் கட்டிட்டு போற கத இல்ல. லைசென்ஸ் இல்லாம ஓட்டறது அங்க கிரிமினல் குத்தம், சட்டத்துல ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்லீன்னா ஃபைன்னு இருக்குது. ஸ்டூடண்ட் விசால இருக்கறவன் பேர்ல கிரிமினல் கேஸ் விழுந்தா விசா நீட்டிக்கறப்ப அது எங்க வந்து இடிக்கும்னு சொல்ல வேண்டியதில்ல. பத்தாததுக்கு ஆக்சிடெண்ட் ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கம்பெனி எதிராளிக்கு பணத்த குடுத்துட்டு நம்மகிட்ட 5,000 யூரோ வரைக்கும் திருப்பி வசூல் பண்ணலாம்.

ஊர்ல இருக்கறப்பவே செய்ய வேண்டியதுல முக்கியமானது இதுதானுங்க: பைக் லைசென்ஸ் இல்லாதவங்க விசா அப்ளை பண்ற காலத்துலயே எல்எல்ஆர் போட்டு, எட்டு போட்டு காட்டி, ஒரிஜினல் கார்ட கையில வாங்கீட்டு பிளேன் ஏறுங்க. எல்எல்ஆர் அங்க செல்லாது. "செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வர்றப்ப எடுத்துக்கறேன்"னு சொல்றவங்களுக்குத்தான் இந்த பாரா. ஜெர்மனில குடியிருக்கற காலத்துல வெளிநாட்டுல போயி எடுத்த லைசென்ஸ அவங்க ஒத்துக்கறதில்ல. லீவுல பொங்கல் நோம்பிக்கு வந்து நாமக்கல்ல எடுத்தாலும் சரி திருப்பூர்ல எடுத்தாலும் சரி, அங்க அது வெறும் பிளாஸ்டிக் அட்டைதான். அதே மாதிரி எக்ஸ்பயரி தேதியையும் பாத்துக்குங்க, அங்க மாத்த அப்ளை பண்றப்ப நம்ம லைசென்ஸ் உயிரோட இருக்கணும்.

மாத்தறதுன்னா என்ன பண்ணணும். ஒரு சில நாட்டு லைசென்ஸ அங்க டெஸ்ட் இல்லாமயே மாத்தி குடுக்கறாங்க, இந்தியா அந்த லிஸ்ட்ல இல்ல. அதனால தியரி, பிராக்டிகல் ரெண்டும் எழுதி ஓட்டி பாஸ் ஆகணும். ஒரே ஆறுதல், புதுசா எடுக்கற ஜெர்மன்காரனுக்கு இத்தன கிளாஸ் கட்டாயம்னு இருக்கற கணக்கு நமக்கு கெடையாது. ஆனாலும் டெஸ்டுக்கு டிரைவிங் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டரும் அவங்க வண்டியும் வேணும், அவரு நம்மள நாலு தடவ ஓட்ட விட்டு பாக்காம டெஸ்டுக்கு கூட்டீட்டு போகவும் மாட்டாரு. அப்ளிகேஷனோட கண் டெஸ்ட் சர்டிபிகேட், 45 நிமிஷம் வீதம் 9 வகுப்பு இருக்கற ஃபர்ஸ்ட் எய்டு கோர்ஸ் சர்டிபிகேட் (ஒரே நாள்ல முடிச்சுருவாங்க), போட்டோ, நம்ம லைசென்ஸ், அதோட டிரான்ஸ்லேஷன் எல்லாம் வெக்கணும். தியரி இங்கிலீஷ்ல எழுதலாம், 30 கேள்வி, தப்பான பதிலுக்கு பாயிண்ட் ஏறும், 10 பாயிண்ட் வரைக்கும் தாங்கும், அதுலயும் 5 பாயிண்ட் கேள்வி ரெண்டு தப்பானா ஃபெயில். ஓட்டற டெஸ்ட் பூரா ஜெர்மன்லதான் பேசுவாங்க. "அடுத்த சிக்னல்ல லெஃப்ட்", "வசதியான எடத்துல நிறுத்து", இந்த அளவு காதுல விழுந்தா புரியணும்.

அந்த டெஸ்ட பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா நம்ம பசங்க இங்கதான் சறுக்கறாங்க. வால்பாறை ரோட்ல 40 ஹேர்பின் ஏறி எறங்கின ஆளுக்கு இதென்ன பெரிய டெஸ்ட்னு போவாங்க. எக்ஸாமினர் பின்னாடி கார்ல உக்காந்து வருவாரு, நம்ம ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோல உத்தரவு வரும். நடக்கற வேகத்துல ஸ்லாலம் (கோன்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறது), 50ல வந்து சடார்னு பிரேக் அடிச்சு வண்டி கோணாம நிக்கறது, 50ல பிரேக் தொடாம ஒதுங்கி வந்து மறுபடி லைனுக்கு வர்றது, இதெல்லாம் உண்டு. பொறவு ரோட்ல. ஓட்ட தெரியாம ஃபெயில் ஆகறவங்க கம்மி, திரும்பறப்ப கழுத்த திருப்பி தோளுக்கு பின்னாடி பாக்காததால ஃபெயில் ஆகறவங்கதான் ஜாஸ்தி. கண்ணாடில பாத்தேன்னு சொன்னா நடக்காது, தல திரும்பறது அவங்க கண்ணுக்கு தெரியணும். அப்பறம் போர்டு எதுவும் இல்லாத நாலு ரோடு சந்திப்புல வலது பக்கத்துல இருந்து வர்றவனுக்குத்தான் மொதல் வழின்னு ஒரு ரூல், நம்ம கையும் காலும் அதுக்கு பழகவே கொஞ்சம் நாளாகும். ஜாக்கெட், கிளவுஸ், முதுகு புரொடெக்டர், பூட்ஸ் எல்லாம் போட்டாத்தான் டெஸ்டுக்கே விடுவாங்க, கேன்வாஸ் ஷூவோட போயி நின்னா திருப்பி அனுப்பீருவாங்க.

வயசையும் பாக்கணும். எந்த பைக்க வேணா ஓட்டற ஏ கிளாஸ் நேரடியா எடுக்க 24 வயசு ஆகணும். 18ல இருந்து ஏ2, அதாவது 35 கிலோவாட், நம்ம கணக்குல சுமார் 47 குதிரை சக்தி வரைக்கும். பிஇ முடிச்ச கையோட போற பசங்களுக்கு 21, 22 தான் இருக்கும், அதனால ஏ2க்கு பொருந்தற வண்டியா பாருங்க. வெசனப்படாதீங்க, நமக்கு தெரிஞ்ச வண்டியே அங்க இருக்குது. கேடிஎம் 390 டியூக் ஏ2ல வரும், அது புனே பக்கம் சாக்கன்ல பஜாஜ் ஃபேக்டரில செஞ்சு ஐரோப்பாவுக்கு போனதுதான். ராயல் என்ஃபீல்டு 350, 650 ரெண்டுமே ஏ2க்குள்ள அடங்கும், நம்ம சென்னை பக்கம் ஒரகடத்துலயும் வல்லம் வடகால்லயும் செய்யற வண்டி. இங்க விட அங்க வெல கூடத்தான், அத பாத்து வயித்தெரிச்சல் படறதுல பிரயோஜனம் இல்ல.

காசு. பிளாக்டு அக்கவுண்ட்ல வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுத்தான் விசா வாங்கியிருப்பீங்க, அதுல மாசம் 992 தான் கைக்கு வரும். ரூம் வாடக, ஹெல்த் இன்சூரன்ஸ், சாப்பாடு போக மிச்சத்துல பைக் வாங்கறதெல்லாம் மொத செமஸ்டர்ல ஆகற காரியமில்ல. பார்ட் டைம் வேலைக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அனுமதி, அது கெடச்ச பொறவு பாருங்க. இன்னொண்ணு, செமஸ்டர் ஃபீஸோடயே பஸ் டிரெயின் டிக்கெட் சேந்து வர்ற யூனிவர்சிட்டி நெறைய, அதனால காலேஜ் போயி வர பைக் தேவையே இல்ல. ஆசைக்கு வாங்கறோம்னு ஒத்துக்கிட்டு வாங்குங்க, ஊட்ல அப்பாகிட்ட "காலேஜ் தூரம்பா"ன்னு சொல்றது உங்க சாமர்த்தியம்.

வண்டி தேடறதுக்கு மொபைல் டாட் டிஇ, க்ளைன்அன்ட்சைகன்னு ரெண்டு வெப்சைட்லயும் பாருங்க. நம்மூர் கன்சல்டிங் மாதிரி அங்கயும் டீலருங்க உண்டு, வெல கூட சொல்லுவாங்க, ஆனா டீலர் வித்தா சட்டப்படி குறை பொறுப்பு அவரோடது, பழைய வண்டிக்கு அத ஒரு வருஷமா கொறைக்கலாமே தவிர கைகழுவ முடியாது. தனி ஆள்கிட்ட வாங்குனா "பாத்தபடி வாங்கியாச்சு"ன்னு எழுதி குடுத்துருவாங்க, அதுக்கப்பறம் ஓரியாட்டம் பண்ணி புண்ணியமில்ல. நான் சொல்லுவேன், அங்க மொத வண்டிய பக்கத்து ஊர் டீலர்கிட்டயே வாங்குங்க, ரெண்டு மூணு நூறு கூட போனாலும் போகட்டும். வண்டி வேற நாட்டுல இருக்குது, அட்வான்ஸ் அனுப்புங்க கூரியர்ல அனுப்பறேன்னு சொல்றவனுக்கு பதிலே போடாதீங்க.

பாக்க போறப்ப பேப்பர்தான் மொதல்ல. அங்க ஆர்சி ரெண்டு துண்டா இருக்கும். டைல் ஆயின்ஸ், அதாவது பாகம் ஒண்ணு, ஓட்டறப்ப கூட வெச்சுக்கறது. டைல் ட்ஸ்வை, பாகம் ரெண்டு, ஊட்ல பத்திரமா வெக்கறது, பழைய ஆளுங்க ப்ரீஃப்னு சொல்லுவாங்க. இந்த ரெண்டாவது பேப்பர கண்ணுல காட்டாம எவனாச்சும் காசு கேட்டா எந்திரிச்சு வந்துருங்க. லோன்ல வாங்கின வண்டின்னா அது பேங்க்ல கெடக்கும். ஃப்ரேம்ல அடிச்சிருக்கற நம்பரும் பேப்பர்ல இருக்கறதும் ஒண்ணான்னு நீங்களே குனிஞ்சு படிங்க. அடுத்தது பின்னாடி நம்பர் பிளேட்ல ஒட்டியிருக்கற வட்ட ஸ்டிக்கர், டூஃப்னு சொல்ற ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா செய்யற செக்கப்போடது: நடுவுல இருக்கறது வருஷம், மேல நேரா நிக்கற எண் மாசம். அது முடியற மாசம் பக்கத்துல இருந்தா "புதுசா டூஃப் பண்ணி குடுத்தா வாங்கறேன்"னு சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தைல வண்டியோட உண்மையான நெலம வெளிய வந்துரும். சைலன்சர் மாத்தின வண்டி, இண்டிகேட்டர் சின்னதா வெச்ச வண்டி, இதையெல்லாம் பாத்து நம்ம பசங்களுக்கு வாயில எச்சி ஊறும், அதுக்கு அனுமதி பேப்பர் இருக்குதான்னு கேளுங்க. இல்லீன்னா ரோட்ல ஓட்டற தகுதியே போயிரும், போலீஸ் நிறுத்துனா அங்கயே கத முடிஞ்சுது. ஆர்எஸ் புரத்துல பட பட பட்னு போற மாதிரி அங்க போக முடியாது.

ஒப்பந்த ஃபாரம் ஏடிஏசி வெப்சைட்ல இலவசமா கெடைக்கும். அதுல வண்டி கை மாறின தேதியோட மணியும் எழுதுங்க. அன்னைக்கு காலைல வித்தவரு வாங்கின கேமரா ஃபைன் உங்க தலைல விழாம இருக்கும். நம்மூர்ல ஆர்சி பேர் மாத்தாமயே மூணு கை மாறி ஓடற வண்டி எத்தன இருக்குது, அங்க அது நடக்காது, வித்தவரு ஆபீசுக்கு வித்த தகவல அனுப்பீருவாரு, நீங்க தாமதம் பண்ணாம பேர மாத்தியே ஆகணும்.

இன்சூரன்ஸ் இல்லாம ரிஜிஸ்ட்ரேஷன் கெடையாது. ஆன்லைன்ல எடுத்ததும் ஈமெயில்ல இவிபின்னு 7 எழுத்து எண் கலந்த ஒரு கோடு வரும், அதுதான் ஆபீஸ்ல கேப்பாங்க, பாலிசி பேப்பர் பொறவு தபால்ல வரும். கட்டாயமானது எதிராளிக்கான இன்சூரன்ஸ் மட்டும், அதுல ஆள் காயத்துக்கு சட்டப்படி குறைஞ்சபட்ச கவரேஜே 75 லட்சம் யூரோ. திருட்டு, தீ, ஆலங்கட்டி மழை இதுக்கெல்லாம் டைல்காஸ்கோன்னு தனியா, தெருவுல வண்டிய நிறுத்தறவங்க எடுத்துருங்க. புது ஆளுக்கு பிரீமியம் கூடத்தான் வரும், ஊர்ல பத்து வருஷம் ஆக்சிடெண்ட் இல்லாம ஓட்டினேன்னு சொன்னா அவங்க கணக்குல எடுக்க மாட்டாங்க. பிரீமியம் கட்டாம விட்டா கம்பெனி ஆபீசுக்கு சொல்லி வண்டிய முடக்கீருவாங்க.

வருஷம் பூரா ஓட்ட மாட்டீங்க, டிசம்பர் ஜனவரில ரோட்ல ஐஸ். அதனால சீசன் பிளேட் எடுங்க. மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும்னு மாசத்த பிளேட்லயே அச்சடிச்சு குடுப்பாங்க, வரியும் இன்சூரன்சும் அந்த மாசத்துக்கு மட்டும் கட்டுனா போதும். ஆனா மத்த மாசத்துல ஓட்டறது மட்டுமில்ல, தெருவுல நிறுத்தவும் கூடாது, உள்ள விட எடம் வேணும். ஹாஸ்டல்ல இருக்கறவங்க இத மொதல்லயே யோசிங்க.

இனி ஆபீஸ். பேரு சூலாசுங்ஸ்ஸ்டெல்ல, வாய்ல நொழையலீன்னா ஆர்டிஓன்னே வெச்சுக்குங்க. ஆன்லைன்ல டெர்மின், அதாவது அப்பாயிண்ட்மெண்ட், எடுத்துட்டுத்தான் போகணும், பெரிய ஊர்ல தேதி கெடைக்கவே நாளாகும், அதனால வண்டி பேசி முடிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தேதி புடிச்சு வெச்சுக்குங்க. பாஸ்போர்ட், ரெசிடென்ஸ் கார்டு, வீட்டு அட்ரஸ் பதிஞ்ச சர்டிபிகேட் (குடி போன 2 வாரத்துக்குள்ள அன்மெல்டுங் பண்ணியிருப்பீங்க, அது இல்லாம அந்த நாட்டுல எதுவுமே நகராது), இவிபி கோடு, ஆர்சி ரெண்டு பாகமும், டூஃப் ரிப்போர்ட்டு, பழைய பிளேட்டு, வரிய அக்கவுண்ட்ல இருந்து நேரா எடுத்துக்க சொல்லி கையெழுத்து போட பேங்க் ஐபான் நம்பர். வரி ஒண்ணும் பயப்படற மாதிரி இல்ல, 25 சிசிக்கு 1.84 யூரோ வீதம் வருஷத்துக்கு. 373 சிசி பழைய டியூக்குக்கு 27 யூரோ, 648 சிசி என்ஃபீல்டுக்கு 47. 125 சிசி சின்ன வண்டிக்கு வரியே இல்ல. நம்மூர்ல ஷோரூம்ல வெலையோட ரோடு டாக்ஸுன்னு மொத்தமா கட்டினத நெனச்சா இது ஒண்ணுமேயில்ல.

புடிச்ச நம்பர் வேணும்னா ரிசர்வேஷனோட சேத்து 12.80 யூரோதான், இங்க ஃபேன்சி நம்பருக்கு ஆயிரக்கணக்குல அள்ளி குடுக்கறவங்க கேட்டா மயக்கம் போட்டுருவாங்க. நம்ம டிஎன் 33, டிஎன் 38 மாதிரி அங்க ஊர் எழுத்து மொதல்ல வரும், ஸ்டுட்கார்ட்டுக்கு எஸ், ஆஹனுக்கு ஏசி, பொறவு நம்ம இஷ்டத்துக்கு எழுத்தும் எண்ணும். ஆனா எஸ்எஸ், கேஇசட், என்எஸ் மாதிரி நாஜி காலத்த ஞாபகப்படுத்தற எழுத்தெல்லாம் குடுக்க மாட்டாங்க, சுப்பிரமணி மகன் சக்திவேலா இருந்தாலும் எஸ்எஸ் கெடையாது. பிளேட்ட ஆபீஸ்ல தர மாட்டாங்க, வெளிய பக்கத்துலயே கடைங்க வரிசையா இருக்கும், அங்க அடிச்சுட்டு உள்ள வந்தா அரசு முத்திரை ஒட்டி தருவாங்க. வாசல்ல இருக்கற மொத கடைல வாங்காம நாலு கட அக்கட்ட நடந்து போங்க, வெல எறங்கும். கிளாஸ் இருந்து போக முடியலீன்னா ஃப்ரெண்டுக்கு அதிகார கடிதம் எழுதி குடுத்து அனுப்பலாம்.

வித்தவரு ரிஜிஸ்ட்ரேஷன முடிச்சுட்டு பிளேட் இல்லாம குடுத்தா அந்த வண்டிய அப்புடியே ஓட்டீட்டு வரக்கூடாது. 5 நாள் செல்ற தற்காலிக பிளேட் கெடைக்கும், இல்லீன்னா வேன்ல ஏத்தீட்டு வாங்க.

ஹெல்மெட் ஊர்ல இருந்து தூக்கீட்டு போக வேண்டாம், ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் இருந்தா பத்தாது, இசிஇ 22.06ங்கற ஐரோப்பா ஹெல்மெட் தர முத்திரை போட்டது அங்க வாங்கிக்குங்க. சிக்னல்ல கார் சந்துல பூந்து முன்னாடி போயி நிக்கற அவிநாசி ரோட்டு பழக்கம் அங்க கூடாது, ஃபைன். லைசென்ஸ் வாங்கி 2 வருஷம் ஆகாதவங்களும் 21 வயசு ஆகாதவங்களும் ஒரு பீர் கூட குடிச்சுட்டு ஓட்டக்கூடாது, அளவு சுத்தமா பூஜ்யம். ஜெர்மன் லைசென்ஸ் கைக்கு வர்றப்ப நம்ம இந்தியா கார்ட வாங்கி வெச்சுக்குவாங்க, அதனால லீவுல ஊருக்கு வந்து அப்பா வண்டிய ஓட்டணும்னா அங்கயே ஒரு இண்டர்நேஷனல் பெர்மிட் எடுத்துட்டு கெளம்புங்க.

படிப்பு முடிச்சு திரும்பறப்ப வண்டிய கப்பல்ல ஏத்தி கொண்டாரலாமான்னு கேக்காதீங்க, சுங்க வரி கேட்டா அந்த ஆச போயிரும். மார்ச், ஏப்ரல்ல வித்தா நல்ல வெல, நவம்பர்ல வித்தா அடிமாட்டு வெல, அதனால கான்வகேஷன் தேதிய பாக்காம வெயில் வர்ற மாசத்த பாத்து விளம்பரம் போடுங்க. ஆபீஸ்ல ரிஜிஸ்ட்ரேஷன ரத்து பண்ணினதும் பிளேட்ல இருக்கற முத்திரைய சொரண்டீருவாங்க, இன்சூரன்சுக்கும் வரிக்கும் தகவல் தானா போயிரும், மிச்ச மாசத்து காசு திரும்பி வரும். அது வந்து சேர்ற வரைக்கும் அங்க இருக்கற பேங்க் அக்கவுண்ட மூடாதீங்க.